தோய்ச்சற் கம்பிக்குத் தமிழில் பெயரில்லையா?

மயிலாப்பூரில் பழைய வீடு இடிபடுகிறது. அடையாற்றில் அடுக்ககம் எழுகிறது. தியாகராயர் நகரில் கடைமேல் கடை ஏறுகிறது. மூன்றிடத்தும் தூணுக்குள் நிற்பது ஒரே வகைக் கம்பி. விற்போர் அதற்குச் சுவர்தோறும் எழுதி வைத்திருப்பதோ "டி.எம்.டி." என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள். அவற்றின் பொருள் கம்பி வளைக்கும் தொழிலாளிக்கும் சொல்லப்படவில்லை. கடன்பட்டு வீடு கட்டுபவனுக்கும் சொல்லப்படவில்லை. தமிழன் தலைக்குமேல் நிற்கும் கூரை, அவனுக்கு விளங்காத எழுத்தில் தொங்குகிறது!

அவ்வெழுத்துகளுக்குள் மறைந்திருப்பது என்ன? உருட்டாலையிலிருந்து ஏறத்தாழ 1000 பாகைச் சூட்டோடு நீண்டு வரும் கம்பியின்மேல் நீரை விசையோடு பாய்ச்சுகின்றனர். நொடிப்பொழுதில் மேற்புறம் குளிர்ந்து கடுந்தோலாகிறது. உள்ளகமோ இன்னும் தணலாகவே இருக்கிறது. நீரைவிட்டு வந்தபின் அவ்வுட்சூடு மெல்ல மேலேறி, அத்தோலைத் தானே காய்ச்சிப் பதப்படுத்துகிறது. வெளியே வல்லுறை, உள்ளே நெகிழும் கரு. இவ்வளவே! 1970களில் பெல்சிய நாட்டில் வகுக்கப்பட்ட இம்முறையை நம் ஊர்க்கொல்லனிடம் விளக்கினால், "தோய்ச்சல்" என ஒரே சொல்லில் அடக்கிவிடுவான். அரிவாளைக் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்து எடுப்பவன் அவன்.

முன்பு குளிர்நிலையில் முறுக்கிய கம்பி வந்தபோது, எந்தப் பல்கலைக்கழகத்தையும் கேளாமல் "முறுக்குக் கம்பி" என்னும் பெயர் கட்டட வேலையில் வழங்கலாயிற்று. செய்வினை கண்டு இட்ட பெயர், அழகான பெயர். இன்றைய கம்பி முறுக்கப்படுவதில்லை. ஆயினும் அதன் செய்முறையை எவரும் தமிழில் சொல்லாமையால் பழைய பெயரே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இது வெறும் பெயர்ப் பூசலன்று. வளைக்க எளிதென்று இக்கம்பியைத் தீயிற் காய்ச்சினால் வல்லுறையின் வலிமை குன்றும். மேற்புறத்தைக் கடைந்து சீவினாலும் அவ்வாறே. தோய்ச்சல் ஏற்றிய அரிவாளை அடுப்பிலிடலாகாது என்று அறிந்த கை, "தோய்ச்சற் கம்பி" என்று கேட்ட அளவிலேயே எச்சரிக்கை கொள்ளும். மூன்று எழுத்தைக் கேட்டு எந்தக் கை அஞ்சும்?

மாழையியலுக்குத் தமிழில் சொல்லில்லை என்பார் சிலர். 1795இல் இலண்டன் அறிஞர் ஆய்ந்து எழுதிய "வூட்சு" எது? கன்னடத்தார் "உக்கு" என்பதும் தமிழர் "உருக்கு" என்பதும் அதுவே என அறிஞர் காட்டியுள்ளனர். அதன் மறைபொருளை அறிய மைக்கேல் பாரடேயே உலைமுன் நின்றார். வெண்சூடேற்றி அடித்த ஐரோப்பியக் கொல்லர் கையில் அது நொறுங்கிற்று. செஞ்சூட்டில் அளந்து அடித்த கீழைக் கொல்லர் கையில் வாளாயிற்று. சூட்டையும் அடியையும் இணைத்து மாழையை ஆளும் கலை இம்மண்ணுக்குப் புதிதா? கொடுமணல் அகழ்வில் வெளிப்பட்ட உலைகள் விடை கூறும்.

அடையாற்றை அடுத்து 1959இல் மேற்குச் செருமனியின் துணையோடு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் எழுந்தது. செருமானியர் காய்ச்சுதலையும் அடித்தலையும் உருட்டுதலையும் தம் தாய்மொழிச் சொற்களாலேயே கற்றுத் தேர்ந்தவர்கள். அவர்களிடம் கருவிகளைப் பெற்றோம். அந்தத் துணிவைப் பெற்றோமா? மாழையியல் அங்கே இன்றும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது நன்று. மாழையியல் அவ்வரிசையில் இடம்பெறவில்லை.

பேராசிரியர்கள் இசையும்வரை கம்பி காத்திராது. பொதுப்பணித் துறையின் கட்டட ஆவணங்களில் தோய்ச்சற் கம்பி என்னும் பெயர் முதலில் ஏறட்டும். ஆலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு கட்டிலும், தீயிற் காய்ச்சலாகாது என்னும் எச்சரிக்கை தமிழில் எழுதித் தொங்கட்டும்.