படப்பெட்டிக்கு வேண்டிய காவல்

தாராவியில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்ற திங்கள் நாம் சென்றிருந்தோம். தவணையில் வாங்கிய பெரிய தொலைக்காட்சிப் பெட்டி, அதனருகே ஆம்ப்ளிபையர், சுற்றிலும் ஐந்து ஒலிபெருக்கிகள், மூலையில் இன்வெர்ட்டரும் பாட்டரியும்; எல்லாம் ஒரே அறைக்குள். ஊரிலிருந்து வந்த உறவினரும் அண்டை வீட்டாருமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென மின்விசிறி வழக்கத்திற்கு மாறான வேகத்தில் சுழன்றது. மறுகணம் திரை இருண்டது. கருகிய வாடை எழுந்தது. "அண்ணா, இன்வெர்ட்டர்தான் இருக்கிறதே, பிறகு எப்படி எரிந்தது?" என்று நண்பரின் துணைவியார் நம்மை வினவினார். தவணை இன்னும் ஏழு மாதம் பாக்கி. மின்னழுத்தத்தால் நேர்ந்த பழுதுக்கு உத்தரவாதம் இல்லையென்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

அம்மையாரின் வினா நேரியது. மின்சாரம் வராமற்போவது ஒரு நோய். வருகின்ற மின்சாரம் கெட்டு வருவது வேறொரு நோய். இன்வெர்ட்டர் முதல் நோய்க்கு மருந்து. மின்சாரம் இருக்கும்வரை அது தெருவிலிருந்து வருவதை அப்படியே பெட்டிக்குத் தள்ளிவிடும். இன்வெர்ட்டரின் பின்புறத்தில் பெரும்பாலும் ஒரு சிறு சுவிட்சு இருக்கும். 'யூ.பி.எஸ்.' பக்கம் வைத்தால் ஏறக்குறைய 180 முதல் 260 வோல்ட்டு வரை மட்டுமே உள்ளே விடும். மற்றப் பக்கம் வைத்தால் 280, 290 வரைகூட விட்டுவிடும். நண்பர் இல்லத்தில் அது மற்றப் பக்கமே இருந்தது. அளவு மீறினால் பாட்டரிக்கு மாறும் என்பது உண்மைதான். மாறுவதற்குள் விழும் அடியைத் தடுக்க அதனிடம் எதுவுமில்லை.

அன்று நேர்ந்தது நியூட்ரல் கம்பியின் கோளாறு என்று மின்பணியாளர் கண்டறிந்தார். நம் இல்லங்களுக்கு வருவது 230 வோல்ட்டு. ஆனால் தெருவில் ஓடும் மூன்று பேஸ் கம்பிகளில் எவையேனும் இரண்டிற்கிடையே 400 வோல்ட்டு உண்டு. பொதுவான நியூட்ரல் தளர்ந்தாலோ அறுந்தாலோ, வெவ்வேறு பேஸிலுள்ள இரு வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள நேரும். அதிகக் கருவிகள் ஓடும் வீட்டுக்குக் குறைந்த பங்கும், சில கருவிகளே ஓடும் வீட்டுக்குப் பெரும் பங்கும் போய்ச் சேரும். சிக்கனமாக விளக்கணைத்திருப்பவன் வீட்டுப் பெட்டியே எரிகிறது. இது எந்த ஊர் நியாயமோ!

இன்வெர்ட்டர் மீது நம்மவர்க்குள்ள பற்று ஊரிலிருந்து வந்தது. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள், குறிப்பாக 2012இல், தமிழகத்தின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் மின்வெட்டு இருந்ததை மறந்தவர் யார்? பம்பாயின் நிலை வேறு. வெளியே பெருந்தொகுப்பு தளர்ந்தால் நகரைத் தனியே பிரித்து, செம்பூரை அடுத்த டிராம்பே முதலிய அண்மை நிலையங்களைக் கொண்டு காக்கும் ஏற்பாடு 1981 முதல் உண்டு. அதுவும் 2020 அக்டோபர் 12ஆம் நாள் பொய்த்தது. காலை பத்து மணியளவில் நகரே நின்றது. மின்வண்டிகள் வழியில் நிற்க, பயணிகள் தண்டவாளத்தில் இறங்கி நடந்தனர். நண்பகலையொட்டியே வண்டிகள் மீண்டும் ஓடின. இருப்புப்பாதையில் சைகைக் கருவிகளுக்குப் பாட்டரிக் காப்பு உண்டு; வண்டியை இழுக்கப் பாட்டரி வைப்பாரில்லை. இல்லத்திலும் இக்கணக்கே பொருந்தும் என்பது நம் கருத்து.

ஆகவே முதற்செலவு காவலுக்கு. மீட்டர் பலகையை அடுத்து, அழுத்தம் மிகுந்தால் துண்டித்து, சீரானபின் சற்றுப் பொறுத்து இணைக்கும் 'வோல்ட்டேஜ் புரொடெக்டர்' ஒன்றை மின்பணியாளரைக் கொண்டு பொருத்துவது நலம். பெட்டியின் விலையோடு ஒப்பிட அதன் விலை சிறிது. 'ஸ்பைக்' காப்புப் பட்டை நொடிப்பொழுதுப் பாய்ச்சலை விழுங்கும். நீடித்த மிகையழுத்தத்தைத் தாங்காது, தானே கருகும். இக்காலப் பெட்டிகள் பல 100 முதல் 240 வோல்ட்டு வரை ஏற்பவை. குறையழுத்தத்திற்கென ஸ்டெபிலைசர் அவற்றுக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. வாங்குவதாயின் மிகையழுத்தத்தில் துண்டிக்குமா என்று கேட்டே வாங்குக.

இரண்டையும் சேர்க்க விரும்புவோர் வரிசையைக் கவனிக்க வேண்டும். சுவரிலிருந்து முதலில் ஸ்டெபிலைசர், அதன்பின் யூ.பி.எஸ்., அதன்பின் கருவிகள். இதைத் திருப்பி வைத்து, யூ.பி.எஸ். சதுர அலை தருவதாயும் இருந்தால், ஸ்டெபிலைசரின் டிரான்ஸ்பார்மர் சூடேறி உறுமும். டிரான்ஸ்பார்மர் கொண்ட ஆம்ப்ளிபையரும் அவ்வாறே. அதற்கு ஸைன் அலை தரும் கருவியே தகும். 'லைன் இண்டராக்டிவ்' என்னும் வகை அழுத்தத்தைத் திருத்துவதையும் பாட்டரிக் காப்பையும் ஒரே பெட்டிக்குள் தருகிறது. 'ஆன்லைன்' வகை இன்னும் உயர்ந்தது. ஆயின் விலையும் விசிறியோசையும் மிகுதி. பாட்டு கேட்கும் அறையில் அவ்வோசையைப் பொறுப்பவர் பொறுக்கட்டும்.

எவ்வளவு நேரம் ஓடும்? கணினிக்கு விற்கும் சிறு யூ.பி.எஸ்.ஸில் இருப்பது 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணிப் பாட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. 150 வாட்டு இழுத்தால் கால் மணி நேரம் ஓடினால் பெரிது. கருவிகளை முறையாக அணைக்க அது போதும். 150 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் ஏட்டளவில் 1800 வாட்-மணி. இழப்பெல்லாம் போக 200 வாட்டு இழுத்தால் ஐந்து மணி நேரம் எதிர்பார்க்கலாம். ஆனால் அப்பெரிய பாட்டரி மின்னேறும்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். ஒற்றையறை வீட்டில் அதனை அடுப்பருகிலோ சுவாமி விளக்கருகிலோ வைக்கலாகாது, சன்னலோரமே தகும். ஊற்றவேண்டியது வடிநீர், குழாய் நீரன்று, அமிலமுமன்று.

நண்பர் பெட்டியின் மின்பலகையை மாற்றிக்கொண்டார். மீட்டரருகே துண்டிப்பான் வந்துவிட்டது. பாட்டரி கதவோரம் சென்றது. இப்போது அதில் ஓடுவன ஒரு விளக்கும், விசிறியும், பிள்ளைகள் பாடத்திற்கான இணையப்பெட்டியும் மட்டுமே. உறுமல் ஒலிக்கிறதென்று மூன்றுமுனைச் செருகியின் எர்த் முனையை ஒடித்து வைத்திருந்ததையும் அன்றே கண்டோம். அதைப் பற்றி அடுத்த திங்கள் எழுதுவோம்.