மாத்திரை இலவசம்தான், அந்தக் காலைப்பொழுது?



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார்: "அரசாங்கம் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுக்கிறது. ஜனங்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்." பலர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அங்கே பதில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதி உண்மை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மாத்திரைக்குக் காசு கிடையாது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2023 ஜூன் மாதம் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை அங்கே மருத்துவர் இருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் பெரிய சிகிச்சைக்கும் வழி உண்டு. வேறு மாநிலங்களில் இருக்கும் என் மாணவர்களைக் கேட்டால்தான் இதன் அருமை தெரியும்.

இரண்டாம் பாதிதான் எனக்கு ஒத்துவரவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு கணக்கு போடுகிறேன்.

பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு பெண்மணி மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பஸ் பிடித்தால்தான் முதல் வீட்டுக்கு ஏழரைக்குப் போக முடியும். அவருக்கு அடிக்கடி தலைசுற்றல். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டுமென்றால் காலையில்தான் பார்க்க முடியும். மையம் திறப்பது 8 மணிக்கு. ஆக, ஒரு நாள் லீவு. சர்க்கரை அதிகம், கண்ணையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறார்கள். அங்கே புறநோயாளிச் சீட்டு காலையில். இரண்டாவது லீவு. அந்தச் சிறப்பு மருத்துவர் பார்க்கும் கிழமை வேறு என்றால் மூன்றாவது லீவு. ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்றால் 1,500 ரூபாய் போயிற்று. "அடிக்கடி லீவு போடுகிறாள்" என்று ஒரு வீடு வேறு ஆளை வைத்துக்கொண்டால் மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கும் போயிற்று.

பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, மாத்திரைக்கும் காசு கிடையாது. ஆனாலும் இவ்வளவு செலவு. தெருமுனை மெடிக்கல் ஷாப்போ இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நாலு மாத்திரை கையில். அங்கே போகிறவர் அறியாமையால் போகவில்லை. நம்மைவிட நன்றாகக் கணக்குத் தெரிந்துதான் போகிறார்.

ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வலிக்காத நோய்கள். பல வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் கால் புண்ணாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ வந்து நிற்கும். அப்போது டயாலிசிஸுக்குக் காப்பீடு பணம் கட்டும். வாரம் இரண்டு மூன்று முறை போய்ப் படுத்துக்கொள்பவர் எந்த வேலைக்குப் போவார்? குடும்பத்துக்கு யார் சோறு போடுவார்?

இந்தத் தூரம் தானாக வந்ததல்ல. 2000 வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று, நகரத்தின் நடுவில் இருந்தவர்களைக் கொண்டுபோய் ஓரத்தில் வைத்தோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரைக் குடும்பங்கள் நிறையப் போயின. என் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு எழுதிய பிள்ளைகள் சிலர் முழு ஆண்டுத் தேர்வுக்கு இல்லை. அவர்களுக்குக் கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் கோஷா ஆஸ்பத்திரியும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியும் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் நடக்கும் தூரத்தில் இருந்ததே, அது போய்விட்டது. இழப்பீட்டுக் கணக்கில் அதை யாரும் எழுதவில்லை.

ஆகவே நான் கேட்பது புதிய கட்டடம் அல்ல. இந்தக் குடியிருப்புகளில் மட்டுமாவது ரத்தப் பரிசோதனை காலை 5 மணிக்குத் தொடங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுநாள் மருத்துவர் இருக்கட்டும். வீடு தேடி வரும் தன்னார்வலர், வேலைக்குப் போகிறவர்களை இரவிலோ விடுமுறை நாளிலோ சந்திக்கட்டும். கண், சிறுநீரகம், இதய மருத்துவர்கள் மாதம் ஒரு மாலை அங்கே வரட்டும். ஆயிரம் பேர் தனித்தனியாக லீவு போட்டு நகரத்துக்கு வருவதைவிட, ஒரு மருத்துவர் அங்கே போவது சுலபம். சுகாதாரத் துறையிலும் மாநகராட்சியிலும் இருக்கும் என் மாணவர்கள் இதைப் படித்தால், நடக்குமா நடக்காதா என்று காரணத்தோடு எழுதுங்கள். கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டு வேலைக்கு வருபவர், டிரைவர், வாட்ச்மேன் இவர்களிடம் கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், சம்பளம் பிடிக்காமல் ஒரு காலைப்பொழுது லீவு கொடுங்கள். சர்க்கரை இருப்பவருக்கு மாதம் ஒரு காலை கொடுங்கள். இதைத் தர்மம் என்று நினைக்க வேண்டாம். நாம் ஆபீஸில் மருத்துவ விடுப்பு எடுக்கவில்லையா? அதேதான்.

மாத்திரையை இலவசமாக்கியது அரசு. அதை வாங்கப் போகும் நேரத்தை இலவசமாக்குவது நம் கையில் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்