எண்ணப்படாத அந்த ஒரு நிமிடம்

என் தம்பிக்கு அப்போது பத்து மாதம். இரண்டு நாளாகச் சளி, காய்ச்சல். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து டவுனில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எந்த ஊரு? அதுல எந்தப் பக்கம்?" அம்மா சொன்னார். அதற்குப் பிறகு அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்தார். "வெறும் சளிதான்" என்று ஒரு சிரப் எழுதி, சீட்டை மேசைமேல் தள்ளிவிட்டார்.

தம்பியின் சட்டையை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அம்மாதான் தூக்கிப் பார்த்தார். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. பால் குடிக்க மறுத்தான். விடிவதற்குள் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே ஒரு நர்ஸம்மா அவன் சட்டையைக் கழற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் அவன் மூச்சை எண்ணினார். 68. ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

நான் மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் அந்த நர்ஸம்மா செய்தது என்னவென்று புரிந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை உலகில் அதிகம் கொல்லும் தொற்றுநோய் நிமோனியா. ஆண்டுக்கு 7 லட்சம் குழந்தைகள் போல இதில் சாகிறார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பப்புவா நியூ கினியில், எக்ஸ்ரே எட்டாத இடங்களுக்காக பிராங்க் ஷான் போன்ற மருத்துவர்கள் குழந்தைகளின் மூச்சை எண்ணிப் பார்த்தார்கள். அப்படி வளர்ந்த முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைக்கிறது.

கணக்கு எளிது. பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தை நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சுவிட்டால் ஆபத்து, உடனே மருத்துவமனை. 2 முதல் 11 மாதம் வரை 50. 1 முதல் 5 வயது வரை 40. இருமலோடு வரும் குழந்தைக்கு இந்த வேகமூச்சு இருந்தாலோ, நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ நிமோனியா என்று கொண்டு சிகிச்சையைத் தொடங்க வேண்டும். பால் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழவில்லை, ஆக்ஸிஜன் அளவு 90-க்குக் கீழே என்றால் படுக்கையில் சேர்த்து ஆக்ஸிஜனும் ஊசி மருந்தும் தர வேண்டும். அவ்வளவு மோசமில்லாத பெரும்பாலான குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அமாக்சிசிலின் சில நாட்கள் கொடுத்தால் போதும். பழைய மருந்து, மலிவான மருந்து.

அறிவியலும் மருந்தும் கையில் இருக்கின்றன. பிறகு எதுதான் குறைகிறது? அந்த ஒரு நிமிடம்தான். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டு எண்ண வேண்டிய நிமிடம். தீண்டாமை வந்து உட்காரும் இடமும் அதுவேதான்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கலாம். 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்வு செய்து 2006-இல் வெளியான 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' என்ற ஆங்கில நூலைப் பாருங்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு கிராமத்தில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுத்தார்கள் என்று அது பதிவு செய்திருக்கிறது. வீட்டுக்குள் வராதவர் குழந்தையின் நெஞ்சை எப்படிப் பார்ப்பார்?

"சாதியெல்லாம் இல்லைங்க, கூட்டம்தான் காரணம்" என்று என் சக மருத்துவர்கள் சொல்வார்கள். கூட்டம் உண்மை. ஒரு திங்கட்கிழமை ஓபி-யில் நானே ஒரு குழந்தையைச் சரியாகப் பார்க்காமல் சீட்டு எழுதினேன். கூட வந்த பாட்டி, "பாக்காமலே எழுதுறியே தாயி" என்றார். கூசிப் போனேன். ஏனென்றால், அதே காலையில் சிபாரிசோடு வந்த ஒரு குழந்தையை மட்டும் நெஞ்சில் ஸ்டெத் வைத்து நிதானமாகப் பார்த்திருந்தேன். கூட்டம் எல்லோருடைய நிமிடத்தையும் பிடுங்குவதில்லை. யாருடைய நிமிடத்தைப் பிடுங்கலாம் என்பதைச் சமூகம் முன்பே நமக்குப் பழக்கிவிடுகிறது. காலனியிலிருந்து படித்து வந்த என்னையும் சேர்த்து.

பெரியவர்கள் விஷயத்தில் இது வேறு முகம் காட்டுகிறது. துப்புரவுத் தொழிலாளி இருமிக்கொண்டு வந்தால் முதலில் வரும் கேள்வி, "குடிப்பியா?" அதோடு நோயறிதல் முடிந்துவிடும். கேட்க வேண்டியவை வேறு. மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேலா? ரத்த அழுத்தம் 90/60-க்கு இறங்கிவிட்டதா? பேச்சு குழம்புகிறதா? வயது 65-ஐத் தொட்டதா? இவற்றில் இரண்டு, மூன்று சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும். திடீர்க் குழப்பம் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். அந்தக் குழப்பத்தைப் "போதை" என்று எழுதித் தள்ளுவது ஓர் உயிரை எழுதித் தள்ளுவது.

மறுபக்கம், பார்க்காமலே ஊசி போட்டு அனுப்புவதும் புறக்கணிப்புதான். சாதாரண மூச்சுக்குழல் அழற்சி பெரும்பாலும் வைரஸால் வருவது. இருமல் மூன்று வாரம்கூட நீடிக்கும், ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்றால் சளியைச் சோதித்தே ஆக வேண்டும், காசநோயாக இருக்கலாம். சில ஆன்டிபயாட்டிக்குகள் காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கி மறைத்துவிடும். கல்குவாரியில் தூசி தின்ற நுரையீரலுக்கு இந்தத் தாமதம் பேராபத்து.

கருவியும் நடுநிலையானதல்ல. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஆக்ஸிஜன் குறைந்திருப்பதை வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எண் நன்றாக இருந்தாலும் மனிதரையும் பார் என்பதுதான் கறுத்த தோலுள்ள நமக்கு அதில் உள்ள பாடம்.

போராடினால் நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஹிப் கிருமிக்கு எதிரான மருந்தும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி 2011-இல் முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுக்க இலவசம். 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை. உங்கள் தெருவில் எத்தனை குழந்தைகளுக்கு மூன்றும் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நம் கோரிக்கை எளிமையானது. இருமலோடு வரும் ஒவ்வொரு குழந்தையின் மூச்சு எண்ணிக்கையும் ஓபி சீட்டில் எழுதப்பட வேண்டும். எழுதாத சீட்டு, பார்க்காத சீட்டு. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆக்ஸிஜனும் ஆக்சிமீட்டரும் வேலை செய்ய வேண்டும். செவிலியரின் வீட்டுப் பார்வை காலனிக்குள்ளும் வந்ததா என்று கிராம சபையில் கணக்குக் கேட்க வேண்டும்.

இதை வாசிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. படிப்பு வட்டங்களிலும் மாலை நேரப் பள்ளிகளிலும் இந்த மூன்று எண்களைச் சொல்லிக் கொடுங்கள்: 60, 50, 40. பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், முழு நிமிடம் எண்ணுங்கள். பிறகு குழந்தையோடு கூடப் போங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "மூச்சை எண்ணினீங்களா?"

என் அம்மாவுக்கு அன்று அப்படிக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்கும் உரிமை இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. நாம் சொல்வோம்.