12 வாரக் காத்திருப்பில் தோலையும் கவனியுங்கள்

தொடையிலும் முழங்காலைச் சுற்றியும் மீன்வலை விரித்தாற்போல் நீலமும் சிவப்பும் கலந்த கோடுகள். வலி இல்லை, அரிப்பு இல்லை. குளிராக இருக்கும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். குளிரில் தோன்றி, உடல் சூடேறியதும் மறைகிற சீரான வலை பெரும்பாலும் தீங்கற்றதுதான். சூடேறிய பின்னும் மறையாமல், கோடுகள் அங்கங்கே அறுபட்டு நிற்கிற வலையை அப்படி விட்டுவிடக் கூடாது.

1965-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தோல் மருத்துவர் இயன் ஸ்னெடன், இத்தகைய வலையும் பக்கவாதமும் சேர்ந்து வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார். 1983-ல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ், ரத்த உறைவையும் கருச்சிதைவையும் ரத்தத்தில் உள்ள சில ஆன்டிபாடிகளோடு இணைத்து விளக்கினார். உடலின் எதிர்ப்பு சக்தியே ரத்தத்தை உறையத் தூண்டும் இந்த நோய்க்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்று பெயர். ஐரோப்பாவில் 1,000 நோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தோலில் இந்த வலை இருந்தது.

நோயை உறுதிசெய்ய லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி ஆகிய மூன்று பரிசோதனைகள் உண்டு. ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். சாதாரணத் தொற்றுநோய்கூட இந்த ஆன்டிபாடிகளைச் சில காலம் உண்டாக்கிவிட்டுப் போகும் என்பதால், இந்த விதி நியாயமானது.

நியாயமில்லாதது, அந்த 12 வாரமும் நோயாளியைக் கையில் ஒரு தேதியோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பிவைப்பது.

ரத்தம் உறைந்துவிட்டால் இரண்டாவது முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை. இன்னும் உறையாதவர்களுக்கோ, தோல் தரும் தகவல் முக்கியமானது. 2023-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட, இந்நோயை வகைப்படுத்தும் விதிகளில், அறுபட்ட வலைக்கும் மதிப்பெண் உண்டு.

நம் நிறத்தில் இன்னொரு சிக்கல். கருத்த தோலில் இந்த வலை நீலமாகத் தெரியாமல், அடர்பழுப்பாகவோ கருமையாகவோ மங்கித் தெரியலாம். மருத்துவப் பாடநூல் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். இந்தக் குறையைப் போக்க, லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே 2020-ல் தன் ஆசிரியர்களுடன் சேர்ந்து, கருத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் கையேட்டை வெளியிட்டார். நம் மருத்துவக் கல்லூரிகளில் நம் தோலின் படங்களைக் கொண்டே இதைக் கற்பிக்க வேண்டும்.

காத்திருப்பவர்களுக்கு மருத்துவமனைகள் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு தரலாம். வலையைத் தேதியிட்டு, ஒரே வெளிச்சத்தில் படமெடுக்கச் சொல்லலாம். முந்தைய கருச்சிதைவுகளையும் சாப்பிடும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்லச் சொல்லலாம். ஹெப்பாரின், வார்ஃபரின் போன்றவை பரிசோதனை முடிவைக் குழப்பக்கூடியவை. ஆஸ்பிரினைத் தானாகத் தொடங்கக் கூடாது என்றும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும் என்றும் எழுதலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், விரல்நுனி கறுத்தால், திடீரென மூச்சுத் திணறினால், வாய் கோணிப் பேச்சுக் குழறினால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லி அதே தாளில் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும்.