பொதி ஒருவனுக்கு, சுமை இன்னொருவனுக்கு

'எல்லாம் அடங்கிய பிரயாணப் பொதி' என்பது இன்று உல்லாசப் பிரயாண வியாபாரத்தின் மூலமந்திரம். சிங்கம் உலவும் ஆபிரிக்கப் புல்வெளியாயினும், சிறுத்தையைத் தேடி ஜீப் வண்டிகள் ஓடும் யால, வில்பத்துக் காடுகளாயினும், குதிரைகள் மேயும் நமது நெடுந்தீவாயினும் மந்திரம் ஒன்றே. ஒரே தொகையைக் கட்டிவிடுங்கள், மற்றக் கவலையெல்லாம் எங்களுடையது என்கிறது விளம்பரம். 'எல்லாம்' என்பது தமிழிலே பெரிய சொல். அதை ஒரு வியாபாரி எடுத்தாளும்போது, அதற்குள் எவை அடங்குகின்றன, எவர் அடங்கவில்லை என்று கணக்குக் கேட்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் கடமையாகும்.

முதலில் பொதியைப் பிரித்துப் பார்ப்போம். வனவிலங்குப் பொதியொன்றில் சாதாரணமாக அடங்குபவை தங்குமிடம், மூன்று வேளை உணவு, ஏற்றி இறக்கும் வாகனம், காட்டுக்குள் செல்லும் ஜீப், சாரதி, வழிகாட்டி, நுழைவுக் கட்டணம் என்பன. அடங்காதவை சிறிய எழுத்தில் வரும்: விசா, காப்புறுதி, மதுபானம், சலவை, சாரதிக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கும் இனாம். நுழைவுக் கட்டணமும் ஒரே தொகையன்று. நம் நாட்டுப் பூங்காக்களில் ஆளுக்குரிய கட்டணம், சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி என்று அது கிளை விடும். உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பன்மடங்கு விலை. இவற்றுள் எது பொதியில் சேர்ந்தது, எது வாசலில் அறவிடப்படும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறாதவன் இருமுறை பணம் கட்ட நேரும்.

இந்தப் பட்டியலில் 'இனாம்' என்ற சொல்லைச் சற்று நின்று கவனியுங்கள். விடுதி முதலாளியின் லாபம் பொதிக்குள் பத்திரமாக இருக்கிறது. விடியுமுன் எழுந்து ஜீப் ஓட்டும் தொழிலாளியின் வாழ்வோ பொதிக்கு வெளியே, பிரயாணியின் தயவில் விடப்பட்டிருக்கிறது. இந்த வியாபாரத்தின் வர்க்க உறவு முழுவதும் அந்தச் சிறிய எழுத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது!

'சஃபாரி' என்ற சொல்லுக்குச் சுவாஹிலி மொழியில் பிரயாணம் என்பதே பொருள். அரபு மொழியின் 'சஃபர்' அதன் வேர். கடல் கடந்து பிழைக்கப் போனவனைச் 'சபராளி' என்றழைக்கும் தமிழ் முஸ்லிம்களின் வழக்கிலும் அதே வேர் உண்டு. பிழைப்புத் தேடிப் போனவனின் சொல்லைக் குடியேற்ற ஆதிக்கம் வேட்டைக்காரனின் சொல்லாக்கிற்று. 1909இல் அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து இறங்கிய தியடோர் ரூஸ்வெல்ட் கிழக்காபிரிக்காவுக்குச் சென்று, தம் மகனோடு சேர்ந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளைச் சுட்டு வீழ்த்தினார். அவருடைய கூடாரங்களையும் பெட்டிகளையும் தலையில் சுமந்து நடந்தவர்கள் நூற்றுக்கணக்கான ஆபிரிக்கத் தொழிலாளர்கள். சரித்திரம் ரூஸ்வெல்டின் பெயரை வைத்திருக்கிறது. பொதி சுமந்தோர் பெயரை வைத்திருக்கவில்லை.

பின்னர் துப்பாக்கி போய்க் கமரா வந்தது. நிலம் பறிப்பது நின்றதா? தங்கனீக்காவில் 1951இல் செரங்கெட்டி தேசியப் பூங்காவாயிற்று. 1959இல் அங்கு தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த மசாய் மக்கள் வெளியேற்றப்பட்டனர். நம் நாட்டிலும் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது, தம்பானை வேடர்கள் தம் மூதாதையரின் காட்டிலேயே அத்துமீறி நுழைபவர் ஆயினர். காடு பாதுகாக்கப்பட்டது, காட்டோடு வாழ்ந்த மனிதன் குற்றவாளியானான்.

இந்தப் படிப்பினையோடு நமது தீவுகளுக்கு வருவோம். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று, வேலணை லைடன் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளை ஒல்லாந்தர் நெடுந்தீவில் வளர்த்துப் பெருக்கினர். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் கட்டாக்காலிகளாய்த் தங்கிவிட்டன. இன்று தீவைப் பார்க்க வருவோருக்கு அவையே முதற்காட்சி. பெருக்குமரமும், சாந்தில்லாமல் பவளக்கல்லை அடுக்கிய வேலிகளும், இடிந்த கோட்டையும் அடுத்த காட்சிகள்.

சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவில் 1,846 ஹெக்டயர் நிலம் 2015 ஜூன் மாதம் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதாவது தீவின் மூன்றிலொரு பங்குக்கும் மேல்! 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவினுள் அனுமதிப்பத்திரமின்றி நுழையலாகாது; அந்த அனுமதியும் விலங்கையும் தாவரத்தையும் பார்ப்பதற்கும் ஆராய்வதற்குமே உரியது. மாடு மேய்ப்பதற்கும் விறகு பொறுக்குவதற்கும் அங்கு இடமில்லை. பணம் கட்டிப் பார்ப்பவனுக்கு உரிமை. பாடுபட்டு வாழ்பவனுக்குத் தடை. சட்டம் தன் முழு வலிமையோடு என்றாவது நடைமுறைக்கு வருமாயின், மசாய் மக்களின் கதை பாக்குநீரிணையின் கரையிலும் எழுதப்படும்.

குதிரைகள் சாகட்டும் என்று நாம் சொல்லவில்லை. வறட்சிக் காலத்தில் அவை தண்ணீரின்றி விழுந்து மடிவதைத் தீவார் நேரிற் கண்டு வருந்துகிறார்கள். ஆனால் குதிரைக்கு இல்லாத தண்ணீர் மனிதனுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? உவர் ஏறிய கிணறுகளுக்கிடையே நன்னீர்க் கிணறு தேடிக் குடம் சுமக்கும் பெண்ணின் தாகமும், அந்தக் குதிரையின் தாகமும் ஒரே நிலத்தின் ஒரே பிரச்சினை. ஒன்றைக் காட்சியாக்கி மற்றதைக் காணாது விடுவது பாதுகாப்பு ஆகாது.

கடலைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரலாம். அங்கிருந்து நெடுந்தீவுக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று இக்கடலில் ஓடிய படகுகளின் வரலாறு பழுதுகளின் வரலாறுமாகும். நோயாளியும், கர்ப்பிணியும், பரீட்சைக்குப் போகும் மாணவனும், மாற்றலாகி வந்த ஆசிரியரும் நம்பியிருக்கும் படகு அது. விடுமுறை நாளில் அதே படகில் பொதிக்காரனின் கூட்டமும் ஏறுகிறது. 'படகுப் பிரயாணம் அடங்கும்' என்று அவன் விளம்பரத்தில் எழுதுகிறான். யாருடைய படகை யார் விற்பது? 1985 மே 15ஆம் திகதி அந்தக் குமுதினியிலேயே இருபதுக்கும் மேற்பட்ட தீவு மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். மாவிலித்துறையில் இறங்குவோரில் எத்தனை பேருக்கு வழிகாட்டி அதைச் சொல்கிறான்? துயரமும் பொதியில் அடங்குவதில்லை.

உல்லாசப் பிரயாணம் வேலை தரும், வருமானம் தரும் என்று பதில் சொல்வார்கள். தரலாம், யாருக்கு என்பதே கேள்வி. பொதியின் விலை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ முன்கூட்டியே கட்டப்பட்டுவிடுகிறது. வாகனம் அங்கிருந்து வருகிறது; பல வேளைகளில் மத்தியானச் சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் அங்கிருந்தே வருகின்றன. தீவில் மிஞ்சுவது பட்டா வாகனக்காரனின் வாடகையும் வெறும் போத்தலுமே. பொதி எவ்வளவுக்கு 'எல்லாம் அடங்கியதோ' அவ்வளவுக்குத் தீவின் கடைக்காரனும், மீன் குழம்பு ஆக்கிப்போடும் பெண்ணும், ஒடியல் விற்கும் முதியவளும் அதிலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள். இந்தக் கணக்கில் தவறில்லை. வியாபாரம் செய்யப்படும் முறையே அது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டையையும் நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு காலத்தில் சிறையாக இருந்த அக்கோட்டை இன்று கடற்படையின் விடுதி வியாபாரத்தில் சேர்ந்துவிட்டது. காவல் காப்பவனே கல்லாவிலும் அமர்ந்தால், மீனவனின் சிறு விடுதி எந்த மூலதனத்தைக் கொண்டு போட்டியிடும்?

நயினாதீவை மணிமேகலையின் மணிபல்லவமாகக் கொள்ளும் மரபு நமக்குண்டு. அங்கே அவள் அமுதசுரபி பெற்றாள். பசித்தவர் யாவர்க்கும் சோறிட்டாள். அரசனிடம் வரங்கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். இன்றும் நயினை நாகபூஷணி அம்மனைத் தரிசிக்க வருவோர் அன்னதான மடத்தில் விலையின்றி உண்டு எழுகின்றனர். 'எல்லாம் அடங்கியது' என்ற சொல்லுக்குத் தமிழன் கண்ட பொருள் அது: எல்லோரும் அடங்கியது. சிறைக்கோட்டத்தை விடுதியாக்கி, பசித்தவனை வாசலில் நிறுத்தி வைத்த பொருள் இன்றைய வியாபாரி கண்டது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாவுக்குத் தீவுகளைத் தெரிவு செய்பவர்கள் நீங்கள். பிரயாணம் வேண்டாமென்று எவரும் சொல்லார். காணாத ஊரைக் காண்பதும் கல்வியே. ஆனால் பணம் கட்டுமுன் பொதிக்காரனைக் கேளுங்கள்: தீவில் எங்களுக்குச் சமைப்பவர் யார்? வழிகாட்டி அந்தத் தீவின் பிள்ளையா? அவருடைய கூலி விலையில் அடங்குமா, இனாமா? நாங்கள் ஏறும் படகில் தீவாருக்கு முதலிடம் உண்டா? எங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது? பதில் சொல்லாதவனின் பொதியை வாங்காதீர்கள். தீவின் கூட்டுறவுச் சங்கங்களையும் மகளிர் குழுக்களையும் தேடிச் சென்று, அவர்கள் கையால் உணவு கேளுங்கள், அவர்கள் வாயால் வரலாறு கேளுங்கள். பூங்காவின் எல்லை எங்கே, அதற்குள் மேய்ச்சல் உரிமை யாருக்கு, வாசலில் வசூலாகும் பணத்தில் தீவுக்கு எவ்வளவு என்ற கேள்விகளைத் தீவு மக்களோடு சேர்ந்து திணைக்களத்திடம் எழுப்புங்கள்.

தீவார் சுமையாளிகளாகவும் காட்சிப் பொருளாகவும் இருந்தது போதும். அவர்களுடைய நிலத்தையும் கடலையும் விலைபேசும் எந்தப் பொதியிலும் அவர்கள் பங்காளிகளாக வேண்டும். அதுவரை 'எல்லாம் அடங்கியது' என்று விளம்பரம் செய்பவன் பொய்யன்.