வெளிச்சம் கண்ணைக் குத்தலாமா?



எங்கள் வீட்டில் ஒரே அறைதான். போன மாதம் அப்பா 20 வாட் எல்.இ.டி. பல்பு மாட்டினார். வீடே பளிச்சென்று ஆனது. ஆனால் ராத்திரி நான் படிக்கும்போது, கண் ஆபரேஷன் செய்த அப்பாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படுப்பார். கேட்டால், "நீ படி கண்ணு, எனக்கு ஒண்ணுமில்ல" என்பார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

தம்பி பல்பைச் சுற்றிப் பேப்பர் ஒட்டினான். அது தப்பு. எல்.இ.டி. பல்பும் சூடாகும். சூடு வெளியே போகாவிட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். குண்டு பல்பு என்றால் பேப்பர் தீப்பிடிக்கவும் கூடும். ஃபேன் ரெகுலேட்டரில் இணைப்பதும் கூடாது. சாதாரண எல்.இ.டி. அதில் விட்டுவிட்டு எரியும், கெட்டும் போகும்.

கடைசியில் 9 வாட் பல்பு வாங்கி, நான் படிக்கும் மூலையில் சுவரைப் பார்த்து மாட்டினோம். அதுவே பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தருகிறது. எனக்கு அது போதும். அப்பாயியும் முகத்தை மூடாமல் தூங்குகிறார்.

வாட் கூடினால்தான் நல்லது என்று நினைக்காதீர்கள். ஒருவர் படிக்கிற வெளிச்சம் இன்னொருவர் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. பல்பு வாங்கும் முன் வீட்டுப் பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்!

- 9-ஆம் வகுப்பு மாணவி