வரைபடம் தானாகப் பேசுவதில்லை

சிக்கலான செய்தியை எண்களாகச் சொன்னால் மக்கள் மிரள்வார்கள், அதையே படமாக்கிவிட்டால் பார்த்தவுடன் புரிந்துவிடும், விளக்கமே வேண்டாம் என்ற நம்பிக்கை செய்தி அறைகளில் வேரூன்றியிருக்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரில் ஏரியும் வெள்ளமும் வறட்சியும் படமாக்கப்பட்ட விதத்தைப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது.

படமாக்கினால் அளவு விளங்கும் என்பது முதல் வாதம். மழைக்காலத்தில் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியைத் தொலைக்காட்சிகள் ஒரு தொட்டியாக வரைகின்றன. 24 அடியில் இன்று இத்தனை அடி என்று நீல நிறம் மேலேறும். ஆனால் ஏரிக்கு நேர்ச்சுவர் கிடையாது. அது அடியில் குறுகி மேலே பரந்து கிடக்கிறது. முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கன அடியை 24-ஆல் வகுத்தால் அடிக்குச் சராசரியாக 152 மில்லியன் கன அடி வரும். கீழ் அடிகளில் நிற்கும் நீர் அதைவிடக் குறைவு, மேல் அடிகளில் அதிகம். எனவே தொட்டிப் படத்தில் 12 அடி பாதி ஏரியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பாதிக்கும் குறைவான நீர்தான். நீர் 22 அடியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் 2 அடி சிறு இடைவெளியாகத் தெரிகிறது. வெள்ளத்தைத் தாங்குவதற்கான இடமோ அதுதான். 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் நெருங்கியபோது, நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் மதகைத் திறந்தது அந்த இடத்தைக் காலியாக வைப்பதற்காகவே.

அலகு இன்னும் பெரிய குழப்பம். இருப்பு மில்லியன் கன அடியில் சொல்லப்படுகிறது, வெளியேற்றம் வினாடிக்கு இத்தனை கன அடி என்று சொல்லப்படுகிறது. ஓடும் செய்திப் பட்டையில் ‘வினாடிக்கு’ விடுபட்டால், ஒப்பிடவே முடியாத இரண்டு எண்கள் அருகருகே நிற்கும். 2015 டிசம்பர் 1 அன்று திறந்துவிடப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அதே வேகம் 24 மணி நேரம் நீடித்தால் ஏறத்தாழ 2,500 மில்லியன் கன அடி வெளியேறும். நிரம்பிய ஏரியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகம். வெள்ளத்தின் அச்சுறுத்தலை உணர்த்துவது இந்தக் கணக்குதான். நீலத் தொட்டியில் இது எங்கும் இல்லை.

படம் யார் பக்கமும் சாயாது என்பது அடுத்த வாதம். 2015 வெள்ளத்துக்கு மழை காரணமா, மதகைத் திறந்த விதம் காரணமா என்ற தகராறு பல ஆண்டுகள் நீடித்தது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை, நீர் திறந்த முறையைக் கடுமையாகக் குறை கூறியது. மழை வரலாறு காணாதது என்பது அரசுத் தரப்பின் நிலை. இரண்டு தரப்புக்கும் ஏற்ற கோட்டுப்படத்தை ஒரே தரவிலிருந்து வரையலாம். டிசம்பர் 1 காலையில் கோட்டைத் தொடங்கினால், செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் கொட்டிய சுமார் 47 செ.மீ. மழைதான் கண்ணில் படும். நவம்பர் நடுவிலிருந்து தொடங்கினால், பெருமழை வருவதற்கு முன்பே ஏரி உயர்ந்து நின்றது தெரியும். ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை, தொடக்கத் தேதியை நகர்த்தினால் போதும். அந்த ஏரியை மட்டும் வரைந்தாலும் கதை குறைபட்டதே. ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் செம்பரம்பாக்கத்து நீர் போகும் அடையாற்றில்தான் சேர்ந்தது.

வரைபடம் இடத்தை உள்ளபடி காட்டும் என்பதும் சரியில்லை. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. மாநகராட்சியின் பரப்பு 174-லிருந்து 426 சதுர கி.மீ. ஆனது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் சுமார் 46.5 லட்சம் பேர், புதிய எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர். எல்லை மாறியதைச் சொல்லாமல் இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்தால், யாரும் குடிபெயராமலேயே மக்கள்தொகை பொங்கி எழும். 2020-இல் கொரோனா எண்ணிக்கை மண்டலவாரியாக வெளிவந்தபோது அம்பத்தூருக்குத் தனி எண் இருந்தது. பக்கத்திலுள்ள ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்ட மொத்தத்துக்குள் கரைந்துபோயின. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடிக்கும் இடையே தினமும் போய்வரும் தொழிலாளிக்கு அந்த எல்லைக்கோடு ஒரு பொருட்டே அல்ல. படத்திலோ அதுதான் உலகத்தின் விளிம்பு.

செயற்கைக்கோள் படத்துக்காவது விளக்கம் வேண்டாம் என்பார்கள். அம்பத்தூருக்கு வடக்கே உள்ள புழல் ஏரி 2018 ஜூன் 15 அன்று எப்படி இருந்தது, 2019 ஏப்ரல் 6 அன்று எப்படி ஆனது என்று காட்டிய இரட்டைப் படம் உலகெங்கும் பரவியது. வறட்சியின் கொடுமையை ஒரு நொடியில் உணர்த்திய படம் அது. அதன் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்ததையோ மீஞ்சூர், நெம்மேலி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் வீராணம் ஏரியும் நகரத்தைத் தாங்கியதையோ அதில் காண முடியாது. அடுத்து வந்தது தண்ணீர் ரயிலின் படம். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் ரயில் 25 லட்சம் லிட்டருடன் வந்தது. திட்டமிட்டபடி நாளுக்கு 1 கோடி லிட்டர் வந்தாலும், அப்போது நகரத்துக்கு வழங்கப்பட்ட சுமார் 52 கோடி லிட்டரில் அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த இரண்டு அளவுகளையும் பட்டைகளாக அருகருகே வரைந்திருந்தால், புகைப்படம் ஊட்டிய நம்பிக்கை அதன் உண்மையான அளவுக்கு வந்திருக்கும். வரைபடங்களே வீண் என்று வாதிடுவோருக்கும் இதில் பதில் இருக்கிறது.

நம்பிக்கையாளர்களின் வலுவான சான்று 2015-இல் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தின் அடித்தளத்தில் உருவான வெள்ள வரைபடம். நீர் சூழ்ந்த தெருவை யார் வேண்டுமானாலும் சொடுக்கிக் குறிக்கலாம். 2,000-க்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. அது பயன்பட்டதற்குக் காரணம் அழகான நிறங்கள் அல்ல. இந்தத் தெரு வழியாகப் போகலாமா என்ற ஒரே கேள்விக்கு அது பதில் சொன்னது. பார்த்தவர்களுக்கும் தங்கள் தெரு தெரிந்திருந்தது. அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் அறுந்துபோன இடங்களிலிருந்து குறிப்பதற்கு ஆளில்லை. ஆகவே நிறம் ஏறாத தெருவைக் காய்ந்த தெரு என்று கொள்ள முடியாது. நீர் இல்லாத தெருவுக்கு ஒரு நிறமும் தகவலே வராத தெருவுக்கு வேறொரு நிறமும் இருந்தால்தான், அடுத்த வெள்ளத்தில் மீட்புப் படகு எங்கே தேட வேண்டும் என்பதை அத்தகைய படத்திலிருந்து முடிவு செய்ய முடியும்.